டில்மனின் காலி உறை

இடுப்பில் கனம் இல்லை என்பது, கதையில் கரடிக்குப் பசியெடுத்த பக்கத்தில்தான் ராய்ஸ் டில்மனுக்குத் தெரிந்தது.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகத்துக் கம்பளத்தில் சம்மணமிட்டு அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி வாரியத் தலைவர் நேரில் வந்து கதை வாசிக்கும் நாள். படம் எல்லோருக்கும் தெரியட்டும் என்று புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபோது முழங்கை வலது இடுப்பில் உரசியது. உரச வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கோட்டுக்கு அடியில் துப்பாக்கியின் தோல் உறை மட்டும். உள்ளே காற்று.

"அப்புறம்?" என்றான் முன்வரிசையில் ஒரு பல்லில்லாத பையன். "கரடி என்ன தின்னுச்சு?"

"தேன்," என்றார் ராய்ஸ்.

"அது மீன் சார். படத்துல மீன் இருக்கு."

"முதல்ல தேன். அப்புறம்தான் மீன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் அவருடைய மகள் மேபல், பக்கத்தில் இருந்தவளை இடித்து, "எங்கப்பா வேணும்னேதான் தப்பா படிப்பாரு" என்று பெருமையாகச் சொன்னாள். ராய்ஸும் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது. மற்றதெல்லாம் அப்போதே எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டிருந்தது.

எங்கே வைத்தோம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதுதான் கொடுமை. ஆசிரியர்களுடைய கழிப்பறையில் உடற்பயிற்சி ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளே போனால் செய்தித்தாளின் விளம்பரப் பக்கம் முடியாமல் வரமாட்டார். ராய்ஸுக்கோ காலையில் குடித்த காப்பி அவசரம் காட்டியது. இரண்டாம் வகுப்புக்கு எதிரே இருந்த பிள்ளைகள் கழிப்பறையில் நுழைந்துகொண்டார். உட்காரும் இடம் அவர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. பள்ளி வாரியத் தலைவர் ஒருவர் அவ்வளவு தாழ்ந்து அமர்ந்ததை இந்த ஊர் கண்டதில்லை. பெல்ட்டை அவிழ்த்தால் துப்பாக்கி தரையில் விழும் என்று அதை எடுத்துக் காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி பேசியது: "நம்முடைய மதிப்புக்குரிய வாரியத் தலைவர் திரு. ராய்ஸ் டில்மன் இன்னும் சற்று நேரத்தில் நூலகத்தில்..."

தன் பெயர் முழுசாக, பட்டத்தோடு, சுவரிலிருந்து வருவதைக் கேட்டால் ராய்ஸுக்கு வேறொன்றும் நினைவில் நிற்பதில்லை. எழுந்தார், கோட்டை இழுத்துவிட்டார், கண்ணாடியில் தலையைச் சரிபார்த்தார். கண்ணாடியும் பிள்ளைகள் உயரத்துக்கு இருந்ததால் குனிந்து பார்த்தார். போய்விட்டார்.

மற்ற நாட்களில் இப்படி நடக்க வழியே இல்லை. மாநிலச் சட்டம் தெளிவாக இருந்தது: உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவரலாம், காரை விட்டு இறங்காதவரை. இறங்கினால் அது காரிலேயே இருக்க வேண்டும். அதனால் பிள்ளைகளை இறக்கிவிடும் வரிசையில் தினமும் காலையில் ஒரு சத்தம் கேட்கும். தகப்பன்மார் இறங்கும் முன் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, வைத்து, மூடுவார்கள். டப். அடுத்த வண்டியில் டப். அதற்கடுத்ததில் டப். அந்த ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. பறவைச் சத்தத்துக்குத் தனியாகப் பெயர் வைப்பார்களா? ராய்ஸின் கையும் அந்த வரிசையில் நின்றால் தானாகப் பெட்டிக்குப் போகும். ஆனால் இன்றைக்குப் பால் லாரி ஒன்று வரிசையை மறித்துக்கொண்டு நின்றது. எதிரே தேவாலயத்தின் முன்னால் வண்டியை விட்டுவிட்டு, போகிற வருகிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு நடந்தே வந்தார். வரிசை இல்லை, டப் இல்லை, கைக்கு நினைவும் இல்லை.

வளாகத்துக்குள் ஆயுதம் வைத்திருக்க எழுத்தில் அனுமதி பெற்ற ஆசிரியர்கள் சிலர் உண்டு. போன வசந்தத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே ராய்ஸ்தான். யார் யார் என்பது ரகசியம். கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. "கெட்டவனுக்குத் தெரியக் கூடாது, யார்கிட்ட இருக்குன்னு" என்று மேடையில் முழங்கினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த அனுமதிக்கு ஒரு பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும். தனக்குச் சொல்லிக்கொடுக்க எவனுக்குத் தகுதி என்று ராய்ஸ் அதற்குப் போகவில்லை. ஆகவே இந்தக் கட்டடத்தில் துப்பாக்கியோடு நடக்கக் கூடாதவர்களில் முதல் ஆள் அவர்தான்.

கரடி குகைக்குத் திரும்பிக் குட்டிகளோடு உறங்கியது. ராய்ஸ் புத்தகத்தை மூடினார். கைதட்டல் முடியும்வரை நின்றார், பழக்கம். பிறகு மரியாதையாக நடந்தார், நடைபாதையில் திரும்பியதும் ஓடினார்.

காகிதச் சுருள் பெட்டியின் மேல் ஈரமான ஒரு டிஷ்யூத் துண்டு இருந்தது. அவ்வளவுதான்.

கீழே பார்த்தார். குப்பைக் கூடையில் கையை விட்டார். தொட்டிக்குள்கூடப் பார்த்தார். அடுத்த அறை, அதற்கடுத்த அறை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கதை கேட்கப் போகும்முன் வகுப்பு மொத்தத்தையும் வரிசையாகக் கழிப்பறைக்கு அழைத்து வருவது வகுப்பாசிரியை மிஸஸ் கெல்சோவின் வழக்கம் என்பது நினைவுக்கு வந்தது. இவர் நூலகத்தில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அத்தனை பேரும் இங்கே வந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொருவராக. கதவைத் தாழிட்டுக்கொண்டு.

மேபலும்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தோட்டா உள்ளே இருந்தது, எப்போதும் இருக்கும். "காலித் துப்பாக்கி வெறும் சுத்தியல்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

சொல்லிவிடலாம். சொன்னால் வழக்கு. உரிமம் போகும், நாற்காலி போகும். பயிர்க் காப்பீடு விற்கிற தொழில். ஆபத்தை முன்கூட்டியே பார்க்கிற ஆள் என்று நம்பித்தான் விவசாயிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். சிரித்தே ஊரை விட்டு விரட்டுவார்கள். சொல்லாவிட்டால்... அந்த வாக்கியத்தை அவர் மனம் முடிக்க மறுத்தது. முதலில் தேடுவோம், கிடைத்துவிட்டால் எவருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தார். கோழைத்தனத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் நிதானம்.

வகுப்புக்கு வெளியே கொக்கிகளில் பிள்ளைகளின் பைகள் தொங்கின. ராய்ஸ் ஒரு பையை வெளிப்புறமாகத் தடவினார். கெட்டியாக ஏதோ. திறந்தார்: பிளாஸ்டிக் டைனோசர். அடுத்தது. கெட்டி. வாழைப்பழம். அடுத்ததில் ஒரு சிறிய கையுறை அவர் விரலைப் பற்றிக்கொண்டதுபோல் இருந்தது. உதறிவிட்டுப் பார்த்தால் வெறும் கம்பளிதான். நடைபாதை நீளமாக, யாரும் இல்லாமல், மெழுகு வாடையோடு கிடந்தது. கதவுகளுக்குப் பின்னால் எங்கோ ஒரு வகுப்பு கூட்டாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் வெடிச் சத்தம் வரும் என்று அவர் காது கூர்மையாகிக் காத்திருந்தது.

"மிஸ்டர் டில்மன்?"

மிஸஸ் கெல்சோ நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான பெண்மணி; மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர்; அதட்டாமலே வகுப்பை அடக்குபவர். அவர் பார்வை, ராய்ஸின் கை நுழைந்திருந்த இளஞ்சிவப்புப் பையில் நின்றது.

"மேபலோட பை," என்றார் ராய்ஸ்.

"அது மேபலோடது இல்லீங்க."

"ஓ. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"பேனா," என்றார். "நல்ல பேனா. யாராவது எடுத்தாங்களா? பிள்ளைங்க யாராவது... எதையாவது?"

மிஸஸ் கெல்சோ கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர்போல வாய் திறந்தது. பிறகு, கேட்கக் கூடாத ஒன்று நினைவு வந்தவர்போல மூடிக்கொண்டது.

"பேனா எதுவும் கிடைக்கலை," என்றார். "பசங்க விளையாடப் போற நேரம். கோட்டு மாட்டணும், வழி விடறீங்களா?"

விளையாடப் போகிற நேரம். பள்ளிக்கூடம் மொத்தமும் மைதானத்தில் இருக்கும். கோட்டுப் பைகளில் கையை விட்டுக்கொண்டு. இந்தா பாரு எங்கிட்ட என்ன இருக்கு என்று ஒருவன் நண்பனைக் கூப்பிட அதைவிடத் தோதான இடம் கிடையாது.

ராய்ஸ் அலுவலகத்துக்கு ஓடினார்.

அலுவலகத்து நடீன் அவரோடு இதே பள்ளியில் படித்தவள். அவர் ஒன்றாம் வகுப்பில் கால்சட்டையை நனைத்துக்கொண்டதைப் பார்த்த ஊரின் ஒரே சாட்சி. அதனால் அவளுக்கு அவரிடம் பயம் என்பது கிடையாது.

"வாங்க தலைவரே. என்ன, உங்க போட்டோவ இன்னும் கொஞ்சம் மேல மாட்டணுமா? இதுக்கு மேல கூரைதான் இருக்கு."

"நடீன், விளையாட்டுக்கில்ல. என் சாமான் ஒண்ணு காணோம்."

"என்ன சாமான்?"

அவர் கோட்டை ஓரமாக விலக்கி இடுப்பைத் தட்டினார்.

"பெல்ட்டா? போட்டுத்தான இருக்க?"

"நடீன்!"

அவள் காலி உறையைப் பார்த்தாள். மென்றுகொண்டிருந்த சூயிங்கம் வாயில் நின்றது. முகத்திலிருந்து கேலி வடிந்துபோனது.

"எங்க வச்ச?"

"பசங்க கழிப்பறை."

"அட கடவுளே. ராய்ஸ்." குரலைத் தாழ்த்தினாள். "வாய்விட்டுச் சொல்லாத. அந்த வார்த்தைய நான் கேட்டுட்டா, பள்ளிக்கூடத்தப் பூட்டி போலீஸக் கூப்பிடற பொத்தான அமுக்கியே ஆகணும். யோசிக்க எனக்கு அதிகாரம் இல்ல. உன் விதி அது. நீ எழுதி, நீயே ஃபிரேம் போட்டு, இங்க மாட்டின."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நீ போட்டோ விஷயமா வந்த. நாம ரெண்டு பேரும் போய்த் தேடலாம். கெடச்சா யாருக்கும் தெரியாது. கெடைக்கலைன்னா..." அவள் முடிக்கவில்லை. "உன் இஷ்டம். உன் பொண்ணும் உள்ளதான் இருக்கா."

ஜன்னலுக்கு வெளியே ஊஞ்சல்கள் காற்றில் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. யாரும் உட்காராத ஊஞ்சல்கள். மணி அடிக்கப் போகிறது. ராய்ஸ் டில்மன் தம் வாழ்நாளில் எத்தனையோ மேடையில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். சொன்னபோதெல்லாம் கைதட்டல் வந்திருக்கிறது.

"துப்பாக்கி," என்றார். "பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு துப்பாக்கி இருக்கு."

நடீன் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

அலுவலகத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே மேலிருந்து இரும்புத் திரை இறங்கியது. அவர் போராடி நிதி ஒதுக்கிய திரை. ராய்ஸ் மேசைக்கு வெளியே, நடைபாதைப் பக்கம் நின்றிருந்தார். திரை தரையைத் தொடும் கடைசி நொடியில் நடீனின் காலணிகள் மேசைக்கு அடியில் போய் ஒடுங்குவது தெரிந்தது. வாசல் கதவு தானே பூட்டிக்கொண்டது. விளக்குகள் அணைந்தன. பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது: ஒரு வகுப்பின் கதவுப் பூட்டு, அடுத்தது, அதற்கடுத்தது. டப். டப். டப். நடைபாதையின் கடைக்கோடிவரை போய் நின்றது.

அதன் பிறகு ஒன்றுமில்லை.

இதன் ஒத்திகையை அவர் பலமுறை பார்த்திருக்கிறார், அலுவலகத்துக் கேமராத் திரையில், கையில் காப்பியோடு. "அருமை, ஊசி விழுந்தா கேக்கும்" என்று பாராட்டியிருக்கிறார். நடைபாதையில் நின்று கேட்டதில்லை. இது ஆள் இல்லாத கட்டடத்தின் அமைதி இல்லை. ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் உயிர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற அமைதி. நடந்தால் தன் காலடி மட்டும் கேட்டது. நின்றால், தான் நின்றதை அத்தனை கதவுகளும் கேட்டன.

"பயப்படாதீங்க," என்றார் இருட்டைப் பார்த்து. "நான்தான். ராய்ஸ் டில்மன்."

அந்தப் பெயருக்கு முதன்முறையாக எந்தச் சுவரும் பதில் சொல்லவில்லை.

இரண்டாம் வகுப்பின் கதவுக்கு வந்தார். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் உள்பக்கமிருந்து கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மெதுவாகத் தட்டினார்.

"மிஸஸ் கெல்சோ, நான்தாங்க. வெளியில ஆபத்து ஒண்ணுமில்ல. என் துப்பாக்கிய எங்கயோ வச்சிட்டேன், அவ்வளவுதான். பசங்ககிட்ட இருக்கான்னு மட்டும் பாருங்க."

சொன்ன பிறகுதான், வெளியே நின்று ஒருவன் இருட்டில் சொல்லக் கூடாத வார்த்தைகள் அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது உறைத்தது.

"மேபல்? செல்லம், அப்பாதான்."

உள்ளே எங்கோ ஒரு சின்னக் காலணி தரையில் இழுபட்டது. உடனே அதை யாரோ அணைத்துப் பிடித்துக்கொண்டதுபோல் நின்றது. கதவில் காதை வைத்தார். மரத்துக்கு மறுபுறம், மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுத்து விடாமல் வைத்திருந்தார்கள். போன மாதக் கூட்டத்தில் அவரே பிள்ளைகளிடம் சொன்னது: கெட்டவன் உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுவான். உங்க அப்பா குரல்ல பேசுவான். திறக்காதீங்க. அன்றைக்கு மேபல் கையைத் தூக்கி, "எங்கப்பாவே வந்தா?" என்று கேட்டாள். "வந்தாலும்" என்று சொல்லிப் பெருமையாகச் சிரித்திருந்தார்.

வாரியத் தலைவருக்கென்று எல்லாக் கதவுக்குமான சாவி ஒன்று உண்டு. அதை எடுத்தார். இருட்டில் துளையைத் தேடிச் செருகினார். பூட்டு சத்தமில்லாமல் நெகிழ்ந்தது. இடது கையைக் கைப்பிடியில் வைத்தார். குளிர்ந்திருந்தது.

"கையைத் தூக்கு! கையைத் தூக்கு, இப்பவே!"

நடைபாதையின் முனையில் விளக்கொளி. அதற்குப் பின்னால் இரண்டு துப்பாக்கிகள். முன்னால் இருந்த காவலர் ஆர்லோ, சனிக்கிழமை தோறும் ராய்ஸோடு ஒரே மேசையில் பான்கேக் தின்பவர்.

கைகள் மேலே போயின. கோட்டு விலகிக் காலி உறை வெளிச்சத்தில் பளிச்சிட்டது.

"ஆர்லோ, நான்தான்பா."

"தெரியுது ராய்ஸ். தரையில படு."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். படு. கையைப் பின்னால கொண்டு போ. உறையில இருந்தது எங்க?"

"அதைத்தானே தேடறேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் ஆர்லோ. ஆனால் விலங்கை மணிக்கட்டில் இறுகாதபடி பார்த்துப் பூட்டினார்.

கன்னம் தரையில் இருந்தது. மெழுகு வாடை. அங்கிருந்து பார்க்க எல்லாக் கதவுகளின் அடியிலும் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் சின்ன விரல்கள் இருக்கின்றன என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு மற்றதெல்லாம் சீக்கிரம் நடந்தது. காவலர்கள் தங்கள் அடையாளச் சொல்லைச் சொல்லி இரண்டாம் வகுப்பைத் திறக்கச் செய்தார்கள். மிஸஸ் கெல்சோ வெளியே வந்து ஒரு துப்பாக்கியை, தோட்டாவைத் தனியாக எடுத்து, ஆர்லோவின் கையில் கொடுத்தார். ராய்ஸின் துப்பாக்கி.

"பசங்களக் கூட்டிட்டுப் போனப்ப நான்தான் முதல்ல உள்ள போய்ப் பாத்தேன்," என்றார். பேச்சு நிதானமாகத்தான் வந்தது. கைகள் இரண்டையும் அக்குளில் இறுக்கி வைத்திருந்தார். "காகிதப் பெட்டி மேல இருந்துச்சு. அனுமதி இருக்கற ஆசிரியர் யாரோ ஒருத்தரோடதுன்னு நெனச்சேன். யாரோடதுன்னு கேக்கக் கூடாதுன்னு வாரியத்தோட விதி. அதனால கேக்கலை. அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன், சாயங்காலம் பிரின்சிபால்கிட்ட குடுத்துக்கலாம்னு." அவர் கீழே கிடந்தவரைப் பார்த்தார். "நீங்க பேனான்னு சொன்னீங்க."

எந்தப் பிள்ளையின் கையிலும் அது இல்லை. அதைத் தவிர வேறு எதையும் நினைக்க ராய்ஸுக்குத் தெம்பில்லை. அவரை எழுப்பிச் சுவரோரமிருந்த குட்டி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கால்கள் மார்பைத் தொட்டன. பிள்ளைகள் வரிசையாக வெளியே வரத் தொடங்கியதும் ஆர்லோ தன் மேற்சட்டையைக் கழற்றி, பின்னால் கட்டியிருந்த கைகள் தெரியாதபடி அவர் தோளில் போர்த்தினார்.

மேபல் வரிசையை விட்டு ஓடி வந்தாள். அவள் நெற்றியில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்.

"அப்பா! நீ கதவுக்கு வெளிய நின்னியா?"

"ஆமா செல்லம்."

"நாங்க யாருமே சத்தம் போடலை. நீ என் பேரச் சொன்னப்பக்கூட நான் வாயத் திறக்கலை. அதுக்குத்தான் இது." ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினாள். "டீச்சர் கதவுக்கு நேரா மண்டி போட்டு, ரெண்டு கையாலயும் துப்பாக்கிய நீட்டிப் பிடிச்சிக்கிட்டிருந்தாங்க. கைப்பிடி திரும்பினா எல்லாரும் காதப் பொத்திக்கணும்னு சொன்னாங்க. நான் முதல்லயே பொத்திக்கிட்டேன். நீ திருப்பவே இல்ல."

ராய்ஸ் தலை நிமிர்ந்தார். மிஸஸ் கெல்சோ வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். போர்த்திய சட்டைக்கு அடியில், விலங்குக்குள், ராய்ஸின் இடது உள்ளங்கை இன்னும் குளிர்ந்தே இருந்தது.

"அது நான்தான்னு உனக்குத் தெரியலையா மேபல்?"

"தெரியும்," என்றாள் குழந்தை. குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஆனா நீ இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தான் அழாம இருக்க முடிஞ்சுது."

வரிசை நகர்ந்தது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டபோது, கூப்பிடுவது யார் என்று முதலில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் போனாள்.